எல்லை மலையும் வாய்க்கார முயலும்

மதீனா நகரின் எல்லையில் ஒரு மலை நின்றது. மலைக்கு உட்புறம் வேட்டையாடுவது ஹராம், மார்க்கம் தடுத்த செயல். அதனால் உட்புறத்தில் ஒரு முயல் பயமில்லாமல் கொழுத்துத் திரிந்தது. வெளிப்புறத்தில் ஒரு வேட்டை நாய் படுத்திருந்தது. எல்லையைத் தாண்டக் கூடாது என்று எஜமான் அதைப் பழக்கியிருந்தார்.

தினமும் காலையில் முயல் மலையுச்சிக்கு வந்து, "டேய் ஓட்டைப் பல்லா, முடிஞ்சா என்னைப் பிடிடா" என்று கத்தும். நாய் முன்னங்கால் மேல் தலையை வைத்துப் படுத்திருக்கும்.

ஒருநாள் நாய் தலையைத் தூக்கி, "காத்து பலமா அடிக்குது. என்ன சொன்னே?" என்று கேட்டது.

நல்ல வசவு ஒன்று வீணாவதை முயலால் பொறுக்க முடியவில்லை. வெளிப்புறச் சரிவில் பத்தடி இறங்கித் திரும்பச் சொன்னது.

"பல்லு வரைக்கும் கேட்டுச்சு. அதுக்கப்புறம்?"

முயல் நாயின் காதருகே வந்து, முழு வசவையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லி முடித்தது.

"இப்ப தெளிவாக் கேட்டுச்சு" என்றது நாய்.

முயலுக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. "மலையே, நான் எந்தப் பக்கம் நிக்கிறேன்?"

"வெளிப்பக்கம்" என்றது மலை.

முயல் நாயைப் பார்த்துப் பணிவாகச் சிரித்தது. "ஐயா சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

நாய் பாய, முயல் உட்பக்கம் ஓடிய ஓட்டத்தில் அதன் வால் முடி கொஞ்சம் நாயின் வாயில் தங்கிவிட்டது. மறுநாள் காலை முயல் உச்சியில் நின்று, "ஐயா, நேத்து நான் சொன்னதெல்லாம் இந்த மலை சொல்லிக் கொடுத்ததுங்க" என்றது.