தொட்டிக்குள் எரிந்த சிவப்பு

இரட்டை ஷிஃப்டு பார்த்ததில் கரியப்பனுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஓசூர் ஆலையின் ரசாயனத் தொட்டிக்குள் இறங்கிக் கழுவிவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

ஆய்வுக்கூடத்து நாகவேணி, சாயம் கலந்த பிளாஸ்டிக் படலத்தை நீல விளக்கோடு கயிற்றில் கட்டி உள்ளே விட்டாள். படலம் தணலாகச் சிவந்து ஒளிர்ந்தது.

"ஊர்க் கிணத்துல லாந்தர் விட்டுப் பாக்கறாப்பலதானேம்மா? நல்லா எரியுது, காத்து இருக்குது," என்று அவன் ஏணியில் கால் வைத்தான்.

நாகவேணி காலரைப் பிடித்து இழுத்துத் தரையில் சாய்த்தாள்.

"பொட்டச்சிக்கு இவ்ளோ திமிரா?" என்று கத்தினான்.

"இது லாந்தர் இல்லண்ணா. மூச்சுவிடற காத்து பட்டா இந்தச் சாயம் மங்கிடும். இல்லாதப்பதான் இப்படி எரியும்."

படலத்தை வெளியே தூக்கினாள், மங்கியது. மறுபடி இறக்கினாள், சிவந்தது. கண்ணுக்குத் தெரியாத காற்றை முதல்முறையாகப் பார்த்த கரியப்பன் ஏணியை விட்டுத் தள்ளி உட்கார்ந்தான்.

அவளைத் திட்டியதற்கு ஒரு மன்னிப்பு இன்றுவரை பாக்கி.