கொக்கி மாட்டியாச்சா?

"தட்டு அலமாரிக்குக் கொக்கி மாட்டியாச்சா?" செருப்பில் காலை நுழைத்தபடியே கேட்டார் கணவர்.

"ஆச்சு. டம்ளருக்கு நடுவுல துணியும் திணிச்சாச்சு," என்றாள் அவள்.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு வருடம், பதினோரு நாடு, வேனிலேயே குடித்தனம். ஒரே ஒரு நாள் கொக்கியை மறந்ததற்கு, முதல் வளைவிலேயே தட்டெல்லாம் பறந்து சுக்குநூறாகிவிட்டது.

"தண்ணி?"

"ரொப்பியாச்சு. கிளம்பலாம்."

மகள் பள்ளிக்கூடப் பையோடு ஜன்னலைச் சாத்தினாள்.

வாடகைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க மூச்சிரைக்க மாடியேறி வந்த வீட்டுக்காரர், அலமாரிகளில் புதிதாக அடித்திருந்த கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வேனைத்தான் வித்துட்டீங்களேம்மா. மூணாவது மாடி வீடு, இது எங்க ஓடிடப் போகுது?"

அவள் கொக்கியை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"ஓடாதுங்கறதுதாங்க எங்க கவலையே."