எரியாத கூரை
மண்ணூர் கூட்டுரோட்டுக் குடிசைகளின் மேல் கத்திரி வெயில் வெள்ளையாக நிற்கிறது. அந்த வெளிச்சத்தில் நெருப்பின் நிறம்கூடத் தெரியவில்லை. சலோமியின் கூரைக்கு மேல் காற்று மட்டும் நெளிகிறது. குழந்தை அவள் இடுப்பில் பத்திரமாக இருக்கிறது. உள்ளே அவளுடைய தையல் மெஷின் எரிகிறது. தீயணைப்பு வண்டியில் வந்து இறங்கியவர்களில் அவள் கணவன் தேவசகாயமும் ஒருவன். குழாய் அவன் கையில்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீர் பாய்வது பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவின் கூரையில், இன்னும் தீப்பிடிக்காத கூரையில். “யோவ், நம்ம வூடுய்யா! இந்தாண்ட திருப்புய்யா!” என்று சலோமி கத்துகிறாள். அவன் திரும்பாமலே சொல்கிறான்: “அது போச்சு, சலோமி. இது இன்னும் நல்லா கீது. வண்டில தண்ணி இவ்ளோதான்.” அவன் காக்கிச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கிறது, குழாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறான். கூட்டத்தில் ஒருவர் சிரிக்கிறார். “சொந்த வூட்ட எரியவுட்டுட்டு ஊரான் கூரைக்கு அபிசேகம் பண்றான் பாரு!” கணவன் மேல் சலோமிக்கு இருந்த கோபமெல்லாம் சட்டென்று அந்தச் சிரிப்பின் பக்கம் திரும்புகிறது. “எம் புருசனுக்கு அதோட வேல தெரியும். சும்மா நிக்கிற வாய்க்கு இன்னா தெரியும்? நவுருய்யா!” குழந்தையைப் பச்சையம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகுகிறாள். வாளித் தண்ணீரில் ஒரு சாக்கை நனைத்து எடுத்து, பச்சையம்மாவின் ஓலையில் வந்து விழும் பொறிகளை அடித்து அடித்து அணைக்கிறாள். பின்னால் மூங்கில்கள் வெடித்து, அவளுடைய வீடு உட்காரும் சத்தம் கேட்கிறது. முதுகு சுடுகிறது. அவளும் திரும்பவில்லை.