யாதகிரி எழுதிய ஆறு ஸ்லைடுகள்
இருட்டாக்கிய அறையில் ஸ்கேன் திரையும் என் மைக்ராஸ்கோப் விளக்கும்தான் வெளிச்சம். கட்டிலில் மயக்க மருந்தில் கிடக்கிறார் யாதகிரி. பதினெட்டு வருடமாக எனக்கு ஸ்லைடுகளுக்குச் சாயமேற்றித் தருபவர். கணையத்தில் கட்டி. இன்று தன் சோதனைக்கான ஆறு ஸ்லைடுகளிலும் காலையில் தன் பெயரைத் தானே பென்சிலால் எழுதி வைத்தார். "மத்தவங்க கையெழுத்து உங்களுக்குப் புரியாது மேடம். முடிஞ்சதும் ஆளுக்கொரு இரானி டீ." கட்டியில் குத்திய ஊசியில் வந்த முதல் துளியை நானே தேய்த்து, நானே சாயமேற்றி, லென்சுக்குக் கீழே வைக்கிறேன். நீலத்தில் ஒன்றையொன்று முண்டியடிக்கும் செல்கள். ஒன்றின் உட்கரு பக்கத்திலிருப்பதைப்போல நாலு மடங்கு. புற்றுதான், ஒரு பார்வையே போதும். ஊசியை விடாமல் பிடித்தபடி டாக்டர் நரசிங் ராவ் கேட்கிறார், "செல் கிடைச்சிருக்கா சபிஹா? போதுமா?" என் விரலில் சாயம் காய்கிறது. அவர் பெயரெழுதிய ஸ்லைடுகள் இன்னும் ஐந்து மிச்சம். "இல்லண்ணா, வெறும் ரத்தம். இன்னொரு தடவை குத்துங்க."