கோயிலுக்கு ஒரு குழி

அவள் முந்தானையைக் கிழித்து அவன் தொடையில் இரண்டாம் முறையாக இறுக்கிக் கட்டினாள்.

இரத்தம் கொஞ்சம் மட்டுப்பட்டது. நிற்கவில்லை.

அவன் கோயில் சுவரில் சாய்ந்து கிடந்தான். காலையில் கீழூர்க்காரர்கள் கடப்பாரையும் அரிவாளுமாக ஏறி வந்தபோது வாசலை மறித்து முதலில் நின்றவன் அவன்தான். முன்னால் போய் நிற்காதே என்று அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். சூசை எந்தக் காலத்தில் பெண்டாட்டி சொல் கேட்டான்.

வெட்டியவர்கள் ஓடிவிடவில்லை. இன்னும் ஆள் சேர்க்க இறங்கியிருக்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் திரும்பி வருவார்கள்.

இது அவர்கள் கட்டிய மூன்றாவது வேதக்கோயில்.

முதல் கோயில் மூங்கில் தட்டியும் புல்லும். கொளுத்தினார்கள். இரண்டாவது மண்சுவர். இடித்துத் தள்ளி அந்த மண்ணிலேயே சாமை விதைத்தார்கள். இது கல். பாறை உடைத்துத் தோளில் சுமந்து கட்டியது. வெள்ளைக்காரச் சாமியார் வருடத்துக்கு ஒருதரம் குதிரையில் வந்து ஆசீர்வதித்துவிட்டுப் போவார். அடி விழுகிற நாளில் மட்டும் அவர் மலையில் இருந்ததே இல்லை.

மேற்கு மேட்டில் ஒரு பச்சிலைக்காரர் இருக்கிறார். மாடு குத்திக் குடல் சரிந்தவனையே தைத்து நடக்க வைத்தவர். கம்பில் தூளி கட்டி நாலு பேர் தூக்கினால் வெயில் தாழ்வதற்குள் அங்கே சேர்ந்துவிடலாம்.

கோயில்காரர்கள் நாலு பேர் அங்கேதான் இருந்தார்கள். ஒவ்வொருவர் காலையும் பிடிக்காத குறையாகக் கேட்டாள். ஒருவன் வானத்தைப் பார்த்தான். ஒருவன் இல்லாத செபமாலையை மடியில் தேடினான்.

கோயிலுக்குப் பின்னாலிருந்து மண்வெட்டிச் சத்தம் வந்தது.

மறிப்புக்குக் கம்பம் நடுகிறார்கள் என்று நினைத்தாள். அவனுக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது பார்த்தாள். கம்பத்துக்கு இவ்வளவு நீளமாக யாரும் வெட்டமாட்டார்கள்.

வெட்டிக்கொண்டிருந்தவன் மிக்கேல். சூசையின் உடன்பிறந்த தம்பி. அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். மண்வெட்டியை மட்டும் கீழே வைக்கவில்லை.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மலையில் பட்டா கிடையாது, சர்க்கார் கச்சேரி கிடையாது. செத்தவன் கிடக்கிற மண் அவன் கூட்டத்துக்குச் சொந்தம், அவ்வளவுதான் சட்டம். குழிமேடு இருக்கிற இடத்தில் கடப்பாரை வைத்தால் வைத்தவன் குலம் அழியும். கீழூர்க்காரனும் அதை நம்புகிறான், வேதத்தில் சேர்ந்தவனும் நம்புகிறான். வேதத்தில் சேர்ந்து செத்தவர்களை எல்லாம் சொந்தக்காரர்கள் பிடுங்கிக்கொண்டு போய்ப் பழைய இடுகாட்டில் புதைத்துவிட்டார்கள். கோயிலுக்கென்று இதுவரை ஒரு குழிகூட இல்லை.

உபதேசியார் அருளாந்து அவள் பக்கத்தில் வந்து குந்தினார். சாமியார் இல்லாத நாட்களில் செபம் சொல்பவர். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. முதல் கோயில் எரிந்தபோது பீடத்தைக் காப்பாற்றப் போய் இரண்டு கையும் வெந்தவர். இப்போதும் அவர் கண் கலங்கித்தான் இருந்தது. அந்தக் கண்ணீரைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தூக்கினால் இவன் வழியிலேயே போய்விடுவான் என்றார். இங்கேயே கண்ணை மூடினால் இவனால் கோயில் நிலைக்கும், பிள்ளைகுட்டிகள் தலைமுறைக்கும் இங்கே முழங்கால் போடும் என்றார். வருகிறவர்கள் வருவதற்கு முன்னால் மண்ணைத் தள்ளி மேடாக்கிவிட வேண்டும் என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கட்ட அவுத்து விட்டுரு தாயி. கஷ்டப்படாமப் போகட்டும்."

சூசைக்கு அது கேட்டது. அவள் மணிக்கட்டைப் பிடித்தான். வலிக்கிற மாதிரிப் பிடித்தான். சாகப்போகிறவனுக்கு இவ்வளவு பிடி இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. இவன் பிழைப்பான், இவர்கள் விட்டால் பிழைப்பான்.

அவள் அசையாததைப் பார்த்து உபதேசியாரே முடிச்சில் கை வைத்தார்.

கீழூர்க்காரன் போட்டுவிட்டுப் போன கடப்பாரை கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. பாறையிடுக்கில் கிழங்கு தோண்டிப் பழகியவள் அவள். ஒரே அடி. காதுக்கு மேலே விழுந்தது. அவர் ஏசுவே என்றுகூடச் சொல்லாமல் சரிந்தார்.

நாலு பேரும் பதறி எழுந்தார்கள்.

அவள் கடப்பாரையை இறக்கவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. இன்னொரு மண்டையைப் பிளக்க அவள் தயங்கமாட்டாள் என்பது அவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

"குழிக்கு ஆளாச்சு. எம் புருசனத் தூக்குங்க."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் பிணமானால் என்ன, மேடு மேடுதான். ஒருவன் கம்பு வெட்டி வந்தான். இன்னொருவன் போர்வையை விரித்தான். சற்று முன்பு கல்லாகச் சமைந்திருந்தவர்களுக்கு இப்போது கைகால் எல்லாம் நன்றாக வேலை செய்தது.

சத்தம் கேட்டு மிக்கேல் மண் கையோடு ஓடிவந்தான். உபதேசியாரைப் புரட்டினான். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான்.

"மதினி, இவருக்கு உசுரு இருக்கு."

கீழே பள்ளத்திலிருந்து கொம்பு ஊதும் சத்தம் ஏறி வந்தது.

அவள் குனிந்து சூசையின் காலைப் போர்வைக்குள் எடுத்து வைத்தாள்.

"தூளி ஒண்ணுதான் இருக்கு," என்றாள்.