ஆடவரு வார்டு

"சிஸ்டர், இந்தச் சீட்டுல எழுதினது தமிழா, தெலுங்கா? மொதல்ல அத சொல்லுங்க" என்று கேட்டார் கம்பவுண்டர் கிருஷ்ணப்பா.

லோயிஸ் சிஸ்டருக்கு அதுதான் புரியவில்லை. சித்தூர் ஜில்லாவின் அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். ஒற்றை வார்த்தை அவளை இப்படித் திண்டாட விட்டதில்லை.

ஏர்பேடு பக்கம் ரோட்டோரம் அடிபட்டு, கால் முறிந்த ஒருத்தியைக் கடலை மூட்டை ஏற்றிய லாரியில் ஒரு பெரியவர் கொண்டுவந்திருந்தார். பச்சைச் சேலை, கை நிறைய வளையல். கட்டுப் போடும்போது "மெதுவா சார்" என்று அவள் முனகினாள். அது ஆண் குரல். மோவாயில் இரண்டு நாள் முடி வேறு. ஸ்ட்ரெச்சர் அறையை விட்டு வெளியே வருவதற்குள் சேதி பெண்கள் வார்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

பெரிய டாக்டர் சித்தூருக்கு மீட்டிங் போயிருக்கிறார், நாளைக்குத்தான் வருவார். அதுவரை சந்தேகம் என்றால் சீட்டுதான் சட்டம். கூட வந்தவர் எந்த வார்டு என்று எழுதுகிறாரோ, அங்கே கட்டில். பெரியவர் கோணல் தமிழ் எழுத்தில் 'ஆடவரு' என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

"இதுல இன்னா சந்தேகம்? ஆடவர்னா ஆம்பளைங்க" என்றார் கிளார்க் கிருபானந்தம். "வேலூர் பஸ் ஸ்டாண்டு கக்கூஸ்ல போர்டே இருக்குது."

"அது உங்க வேலூர்ல. எங்க தெலுங்குல ஆடவாருன்னா பொம்பளைங்க" என்றார் கிருஷ்ணப்பா. "'வ'வுக்குப் பக்கத்துல ஒரு கால் போட மறந்துட்டாரு. அவ்ளோதான்."

"கால் போட மறந்தாரா, வேணாம்னு வுட்டாரா? அது எப்படி உனக்குத் தெரியும்?"

லோயிஸ் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கால் இருந்த தடயம் இல்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவளை 'அம்மா' என்று கூப்பிடுவதா 'ஐயா' என்று கூப்பிடுவதா என்று தெரியாமல், காலையிலிருந்து எதையும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்துக்கொண்டிருந்தாள்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரத்தினம்மா நடந்து வந்தாள். நாலு நாளைக்கு முன்பு கர்ப்பப்பை எடுத்தவள்.

"சிஸ்டர், நாங்க தையலோட கெடக்கறோம். துணி வெலகினா இழுத்து வுட்டுக்கக்கூடத் தெம்பில்ல. அந்த மாதிரி ஆளு பக்கத்துல படுத்தா எங்களுக்கு பயமா இருக்காதா?"

"இருக்கும்தான்" என்றாள் லோயிஸ்.

எதிர்ப்பக்கம் ஆண்கள் வார்டு வாசலில் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. "இங்க அனுப்புங்க சிஸ்டர், நாங்க நல்லா பாத்துக்கறோம்" என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஸ்ட்ரெச்சரில் இருந்தவள் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். "அங்கன்னா என்னை ரோட்லயே எறக்கி வுட்டுடுங்க சிஸ்டர். ஒரு ஊர்ல ஒரு வாட்டி ஆம்பளைங்க வார்டுல படுத்தேன். மூணு நாளு கண்ணே மூடல. நாலாம் நாளு காய்ச்சலோட எழுந்து ஓடியாந்துட்டேன்."

இந்தக் காலோடு அவள் எங்கே ஓட முடியும்? லோயிஸுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் ரத்தினம்மா சொன்னதையும் தள்ள முடியவில்லை. கர்த்தரே, ஏதாவது ஒரு பக்கமாவது தப்பாக இருக்கக்கூடாதா என்று இருந்தது.

"கூட வந்தாரே, அவரு யாரு?" என்று கேட்டாள்.

"யாரோ வழியில போனவரு. பாவம், அவரை அனுப்பிடுங்க. என்னோட பாத்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

பெரியவர் வராந்தா பெஞ்சில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேர் தணிகாசலம், விஜயபுரம் பக்கம் விவசாயம் என்பதைத் தவிர வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பியதுமில்லை. லோயிஸ் சீட்டோடு அவரிடம் போனாள். ரத்தினம்மாவும் மெல்லப் பின்னாலேயே வந்தாள்.

"பெரியவரே, நீங்க எழுதினது தமிழா, தெலுங்கா?"

அவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். "தெலுங்கும்மா. எழுத்து எனக்குத் தமிழ்தான் வரும். ஆபீசு காயிதமாச்சே, பொம்பளைன்னு எழுதாம மருவாதியா எழுதுவோம்னு பாத்தேன். தப்பா எழுதிட்டனா?"

"தப்பில்ல. ஒரு கால்தான் கொறையுது" என்று லோயிஸ் பேனாவை எடுத்துப் போட்டாள். பிறகு ரத்தினம்மா பக்கம் திரும்பினாள். "கடைசிக் கட்டில்ல போட்டு நடுவுல துணித் தடுப்பு வெச்சுடறேன். ராத்திரிக்கு நானே இருக்கறேன்."

"தடுப்பு வெச்சா சரி" என்றாள் ரத்தினம்மா, அரை மனசாக.

லோயிஸுக்குப் பாதி பாரம் இறங்கியது. சீட்டை மடிக்கப் போனவள் நின்றாள். "பேரு எழுதற எடம் காலியா இருக்குதே. ஆமா, வழியில பாத்தவருக்குப் பேரு எங்க தெரியப்போவுது."

தணிகாசலம் முதல் தடவையாக ஸ்ட்ரெச்சர் இருந்த பக்கம் திரும்பினார்.

"நான் வெச்ச பேரை எழுதினா அது அழும்மா. இப்ப இன்னா பேரு வெச்சிக்கினு இருக்குதுன்னு எனக்குத் தெரியாது, என் பொண்ணையே கேட்டு எழுதிக்கோ."