காது தைக்க வந்தவள்

“காதைத் தச்சு விடுங்கய்யா” என்றாள் பிச்சையம்மாள்.

டாக்டர் சிவசாமி நிமிர்ந்து பார்த்தார். பாம்படம் போட்டு வளர்த்து, தோளைத் தொட்டுத் தொங்கிய இரண்டு வெறுங்காதுகள். வயது ஐம்பதுக்குக் குறையாது.

பக்கத்து அறையில் அவள் புருஷன் வெள்ளைச்சாமி கிடந்தார். தொண்டையில் புற்று. கழுத்தில் துளை போட்டு, மூச்சு விடக் குழாய் வைத்தவர் சிவசாமிதான். பேச்சு போய்விட்டது. எல்லாம் சைகைதான். பத்து நாள் தாங்கினால் அதிகம். அதை நேற்றுத்தான் இவளிடம் சொன்னார்.

இன்றைக்குக் காது தைக்க வந்து நிற்கிறாள்.

புதுக்கோட்டைச் சீமையில் காது, மூக்கு, தொண்டைக்கென்று படித்து வந்தவர் அவர் ஒருவர்தான். காதில் சீழ், மூக்கில் சதை, தொண்டையில் மீன் முள் என்று ஆவுடையார்கோவிலிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். காது தைக்கவும் வருவார்கள். பாம்படத்தைக் கழற்றிவிட்டுக் கம்மலுக்கு மாறுகிற காலம்.

“இப்ப என்ன அவசரம்?”

“இன்னைக்கே வேணுங்க.”

கம்பவுண்டர் சவரியப்பன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “கம்மலு வாங்கியாச்சா ஆத்தா? செகப்புக்கல்லா, வெள்ளைக்கல்லா?”

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

“புருஷன் போனப்புறம் ஆற அமரத் தச்சுக்கிறது” என்றார் டாக்டர். சொன்ன பிறகு அதிகமோ என்று பட்டது. திருத்தவில்லை.

“அப்பறம் எதுக்குங்க” என்றாள்.

கோபத்தோடேதான் தைத்தார். மரத்துப்போக ஊசி, தொங்கின சதையில் கத்தி, பக்கத்துக்கு ஐந்து தையல். அவள் முகம் சுளிக்கவில்லை.

“ஆறு மாசத்துக்குக் காதுல துரும்பு மாட்டக்கூடாது. போ.”

“அத அவருகிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லிருங்கய்யா. காதுல புண்ணு, தைக்கணும்னு நீங்கதான் சொன்னீங்கன்னு.”

“உன் ஆசைக்கு நான் பொய் சொல்லணுமா?”

பிச்சையம்மாள் காதுக் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“முழிக்கிறப்பெல்லாம் என் காதைத் தொட்டுத் தொட்டுப் பாம்படம் எங்கேங்கிறாருய்யா. அவரு கட்டிக்கிட்ட புதுசுல செஞ்சு போட்டது. பொட்டியில இருக்குன்னேன். எடுத்தாரச் சொல்லு, போட்டுக்க, ஒருக்கா பாத்துக்கிறேன்னு சைகை காட்டுறாரு.”

“எடுத்துப் போட்டுக் காட்டவேண்டியதுதானே?”

“மதராசுக்குக் கூட்டிட்டுப் போயி ரேடியம் வச்சாப் பொழச்சுக்குவாருன்னு நீங்க சொன்னீகள்ல, அன்னைக்கே வித்துட்டேங்க. எங்கண்ணன் பணம் குடுத்து ஒதவுச்சுன்னு அவருகிட்ட சொல்லி வச்சிருக்கேன். இந்தப் பத்து நாளு அதத் தெரிஞ்சுக்காம இருக்கட்டும்.”